வாய்தா எங்கே பிறக்கிறது? குற்ற வழக்குத் தாமதம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆதங்கத்தைச் சொல்கின்றன: "வழக்கு நகரவே மாட்டேன் என்கிறது." நகராத வழக்கு எதுவும் மொத்தமாக நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட படியில், ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட காகிதத்துக்காகத்தான் நிற்கிறது. அது எது என்று தெரியாதவரை யாரிடம் போய்க் கேட்டாலும் "அடுத்த வாய்தா" என்பதுதான் பதிலாக வரும்.

கேள்வி: 2020-ல் என் தம்பியை நான்கு பேர் சேர்ந்து வெட்டினார்கள். கொலை முயற்சி வழக்கு. 2021-லேயே குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. முப்பது வாய்தாவுக்கு மேல் போயும் ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் வழக்கு எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள். பி.ஆர்.சி. என்று இருந்தால் வழக்கு இன்னும் நடுவர் நீதிமன்றத்தைத் தாண்டவில்லை. எஸ்.சி. என்று மாறியிருந்தால் அமர்வு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. சி.சி. என்றால் நடுவரே விசாரிக்கும் வழக்கு. கொலை முயற்சியை நடுவர் விசாரிக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர்களை வரவழைத்து, ஆவண நகல்களைக் கையில் கொடுத்து, வழக்கை மேலே அனுப்பிவைப்பது மட்டும்தான் அவர் வேலை. காகிதத்தில் இது ஒரு நாள் வேலை.

அந்த ஒரு நாள் வேலை மூன்று நான்கு ஆண்டு இழுப்பது எப்படி என்றால், எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள், வழக்கில் ஏ1, ஏ2 என்று குறிப்பார்கள்) எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருப்பதால்தான். முதல் வாய்தாவில் ஏ1, ஏ2, ஏ3 வருவார்கள், ஏ4 வரமாட்டார். அவருக்குப் பிடிவாரண்டு போவதற்குள் ஏ2 சார்பில் '317 மனு' வரும், அதாவது இன்றைக்கு நேரில் வர விலக்கு. ஏ4 ஒரு நாள் வாரண்டை ரீகால் (ரத்து) செய்துகொண்டு வந்து நிற்பார், அன்றைக்கு ஏ1 இருக்கமாட்டார். நான்கு பேரும் மாறி மாறி ஒருநாள் லீவு போட்டாலே ஆண்டுக்கணக்கில் தள்ளலாம். இதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை.

ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரிக் குறிப்பு வரும். ஆனால் 'ஆஜருக்காக' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதுவும் செய்ய முடியாது. நகல் மனு போட்டு, கடைசிப் பத்து வாய்தாக்களின் தினசரி உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்த எதிரி வரவில்லை, வாரண்டு பிறப்பித்தார்களா, அது காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்ததா என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். யாரால் தாமதம் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாதிக்கப்பட்டவர் தரப்பில் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நீங்கள் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதி தரலாம். அவர் மூலம் இரண்டு கேளுங்கள். ஒன்று, திரும்பத் திரும்ப வராதவரின் ஜாமீன் பத்திரத்தைப் பறிமுதல் செய்து ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஜாமீன்தாரர் கையிலிருந்து பணம் போகும் என்றால் ஆள் வந்துசேர்வதைப் பல வழக்குகளில் பார்க்கலாம். இரண்டு, தலைமறைவானவரின் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டு மற்றவர்கள் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு. பிரிந்துபோனவர் பின்னால் பிடிபட்டால் உங்கள் தம்பி மறுபடியும் முதலிலிருந்து சாட்சி சொல்ல வேண்டிவரும். அதனால் ஓரிரு மாதத்தில் வரக்கூடியவருக்காக வழக்கைப் பிரிக்கக் கேட்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் காணாதவருக்குக் கேளுங்கள்.

இரண்டும் பலிக்காவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அந்த மனுவுக்கு நீங்கள் போட்ட கட்டம்தான் முதுகெலும்பு. "தாமதமாகிறது" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு வலு கிடையாது.

கேள்வி: 2023 இறுதியில் என் மீது நடந்த தாக்குதலுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பிரிவுகள் 294(பி), 323, 506(1). இன்றுவரை குற்றப்பத்திரிகை இல்லை. நிலையத்தில் மூன்றாவது ஆய்வாளர் மாறிவிட்டார்.
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தமிழ்நாட்டில் அடிதடி என்றாலே கூடவே வரும் மூன்று பிரிவுகள் இவை: ஆபாசத் திட்டு, அடித்துக் காயப்படுத்துதல், மிரட்டல். இவற்றில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிறு குற்றங்களை நீதிமன்றம் கோப்புக்கு எடுக்கச் சட்டம் காலவரம்பு வைத்திருக்கிறது: அபராதம் மட்டும் என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் 1 ஆண்டு, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ஆண்டு. பல பிரிவுகள் சேர்ந்திருந்தால் அதிலுள்ள கடுமையான பிரிவை வைத்துக் கணக்கு. உங்கள் வழக்கில் 506(1)-க்கு இரண்டாண்டுச் சிறை என்பதால் 3 ஆண்டு வரம்பு. குற்றப்பத்திரிகை அதைத் தாண்டி வந்தால், எதிர்த்தரப்பு வழக்கையே ரத்து செய்யக் கேட்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் இப்படி உயிர் விட்ட வழக்குகள் ஏராளம். 1.7.2024-ல் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) இதற்கு ஒரு விளக்கம் சேர்த்து, எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையே கணக்குக்கு எடுக்கச் சொல்கிறது (பிரிவு 514). உங்கள் வழக்கு அதற்கு முந்தியது. ஆகவே அந்த விளக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை இது. புலன் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு, ஒப்புகை வாங்கிக்கொண்டு. அதன் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். பிறகு எல்லைக்குட்பட்ட நடுவரிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு. புலன் விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்று சாகிரி வாசு வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கும் அசையாவிட்டால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில், இத்தனை வாரத்துக்குள் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரும் மனு. நடுப்படிகளைத் தாவிக்கொண்டு நேரே உயர் நீதிமன்றம் போனால், "முதலில் அங்கே போங்கள்" என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்களுக்குத் தெரியாமலே 'மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று வழக்கை முடித்திருக்கலாம். அப்படி ஓர் அறிக்கையை நடுவர் ஏற்கும் முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது 1985-லிருந்து இருக்கும் சட்டம். நோட்டீஸ் வந்தால் வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், ஆட்சேப மனு போடுங்கள்.

கேள்வி: ஒரு விபத்து மரண வழக்கில் நான் சாட்சி. தினக்கூலி வேலை. மூன்று முறை சம்மன் வந்து மூன்று முறையும் "இன்றைக்கு இல்லை, போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காவது முறை போகாவிட்டால் என்ன ஆகும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போகாவிட்டால் உங்கள் பேருக்கே வாரண்டு வரலாம். அதனால் போங்கள், ஆனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

சாட்சி வந்தும் விசாரிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார். எதிரிகளில் ஒருவர் வரவில்லை. சான்றுப் பொருள் சொத்து அறையிலிருந்து வரவில்லை. அரசு வழக்கறிஞர் கையில் வழக்குக் கட்டு இல்லை. முதல் காரணம் வாய்தா கொடுக்கக் காரணமே ஆகாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 309, புதியதில் 346. சாட்சி வந்து நிற்கும்போது கட்சிக்காரரோ வழக்கறிஞரோ இல்லையென்றால், அல்லது தயாராக வரவில்லை என்றால், முதல் விசாரணையை (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பதை) மட்டும் பதிவு செய்துகொண்டு குறுக்கு விசாரணையே இல்லை என்று உத்தரவிடவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இந்த அதிகாரத்தை நீதிபதிகள் எளிதில் எடுப்பதில்லை. பின்னாளில் மேல்முறையீட்டில் "எனக்குக் குறுக்கு விசாரணை வாய்ப்பே தரவில்லை" என்று சொல்லி மறுவிசாரணை வாங்கிவிடுவார்களோ என்ற தயக்கம்தான். தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பவர் நாள்கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சி.

நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் பெஞ்ச் கிளார்க்கிடம் சம்மனைக் காட்டி, வந்திருப்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். வழக்கை அழைக்கும்போது எழுந்து நின்று நீதிபதியிடம் நேரடியாக, "ஐயா, நான்காவது முறை வருகிறேன், தினக்கூலி" என்று சொல்லுங்கள். சாட்சி பேசுவதை எந்த நீதிபதியும் தடுக்கமாட்டார். வாய்தா போட்டே ஆக வேண்டும் என்றால், சாட்சிக்கு ஆன செலவை வாய்தா கேட்டவர் தர வேண்டும் என்று உத்தரவிடலாம். அரசுத் தரப்பு சாட்சிக்கு அரசு தரும் படியும் உண்டு. பேருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையும் முடிந்துவிட வேண்டும் என்பதில் எல்லோருக்குமே அக்கறை வேண்டும். வினோத்குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் (2015) முக்கிய சாட்சி ஒருவரின் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே ஏறத்தாழ 20 மாத இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் சாட்சி பிறழ்ந்துபோனார். உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகவே கண்டித்தது.

கேள்வி: என் மகன் மீது வீட்டுத் திருட்டு வழக்கு. முதல் வழக்கு. மார்ச் 1-ஆம் தேதி ரிமாண்டு செய்தார்கள். 60 நாள் ஆனால் தானாக விட்டுவிடுவார்கள் என்கிறார்கள், உண்மையா?
— தாய், திருச்சி

பதில்: "தானாக" என்ற சொல்லை அழித்துவிடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் உண்மை.

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187-ன்படி, மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். குடியிருக்கும் வீட்டில் திருட்டு பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 305, உச்ச தண்டனை 7 ஆண்டு, ஆகவே 60 நாள். கூடவே பெரிய பிரிவு எதுவும் சேர்த்திருக்கிறார்களா என்று எஃப்.ஐ.ஆர். நகலில் பாருங்கள். ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு முடிவு செய்துவிட்டது. மார்ச்சில் 31, ஏப்ரலில் 29. ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 காலையில் உரிமை பிறக்கிறது.

அன்று காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஏனென்றால் மனு போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். மனு போட்ட பிறகு வந்தால் போகாது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன எம்.ரவீந்திரன் வழக்கில் (2020) காலையில் ஜாமீன் மனு, அதே நாள் மாலை வழக்குத் தாக்கல். ஜாமீன் உரிமை நிற்கும் என்றது உச்ச நீதிமன்றம். மனுவில் தேதியோடு நேரமும் பதிவாகிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனாவைக் காரணம் காட்டிக்கூட இந்த 60 நாளை நீட்ட முடியாது என்று, மதுரைக் கிளையிலிருந்து போன எஸ்.காசி வழக்கில் அதே ஆண்டு தீர்ப்பு வந்தது.

குற்றப்பத்திரிகை குறித்த நாளுக்குள் வந்துவிட்டால் வழக்கமான ஜாமீன் மனு இருக்கிறது. அதுவும் கிடைக்காமல் போனால் பிரிவு 479: முதல்முறைக் குற்றவாளி என்றால் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு, மற்றவர் என்றால் பாதி உள்ளே கழித்திருந்தால் விடுவிக்க வேண்டும். 7 ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு 2 ஆண்டு 4 மாதம். இதற்கு மனு போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மரண தண்டனை அல்லது ஆயுள் உள்ள குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. சின்னச் சின்ன வழக்கு இரண்டு மூன்று உள்ளவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பது இன்னொரு கொடுமை. உத்தரவாகி ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தால் மூன்றே ஆண்டில் தீர்ப்பு என்றார்களே, எந்தப் பிரிவில் இருக்கிறது?
— சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

பதில்: எந்தப் பிரிவிலும் இல்லை. மேடையில் சொன்ன கணக்கு அது. சட்டத்தில் இருப்பவை படிப்படியான காலக்கெடுக்கள்: நகல் வழங்க 14 நாள், அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்ப 90 நாள், காரணம் எழுதினால் 180 வரை, குற்றச்சாட்டு பற்றி நீதிமன்றம் முதலில் கேட்கும் நாளிலிருந்து குற்றச்சாட்டு வனைய 60 நாள், வாதம் முடிந்து தீர்ப்புக்கு 30 நாள், காரணம் எழுதி 45 வரை. கட்சிக்காரர் கைமீறிய காரணத்துக்கும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: மீறினால் என்ன? நகல் 14 நாளில் தராவிட்டால் என்ன? ஒன்றுமில்லை. 46-வது நாள் தீர்ப்பு சொன்னால்? அந்தத் தீர்ப்பு செல்லும். மீறினால் உடனே விளைவு உண்டு என்று சட்டம் சொல்லும் முக்கியமான காலக்கெடு, மேலே அந்தத் தாய்க்குச் சொன்ன 60, 90 நாள்தான். கவனித்துப் பாருங்கள், காவல் துறை ஓடி ஓடிக் காப்பாற்றுவதும் அந்த ஒன்றைத்தான். எதிரி உள்ளே இருந்தால் ஐம்பத்தைந்தாவது நாளில் தயாராகும் குற்றப்பத்திரிகை, அதே எதிரி வெளியே இருந்தால் ஐந்தாண்டு ஆகிறது. பல் இருக்கும் காலக்கெடுதான் கடிக்கும்.

எல்லா வழக்குக்கும் இத்தனை ஆண்டு என்று நீதிமன்றமே உச்சவரம்பு வைக்க முடியாது என்று 2002-ல் பி.ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை, 1979 ஹுசைனாரா காத்தூன் வழக்கிலிருந்தே. உரிமை உண்டு, கெடு கிடையாது. இதுதான் நிலைமை. அதோடு, புதிய சட்டம் வந்த நாளில் நிலுவையிலிருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 531 சொல்கிறது. தேங்கிக் கிடக்கும் மலைக்கு இந்தக் கெடுக்கள் பொருந்தவே பொருந்தாது.

கேள்வி: எதிரி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கி வைத்திருக்கிறார். ஆறு மாதத்தில் தடை தானாகக் காலாவதி ஆகுமாமே?
— வாசகர், ஈரோடு

பதில்: ஆகாது. 2018-ல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. 29.2.2024 அன்று ஐந்து நீதிபதி அமர்வு அதை மாற்றிவிட்டது. இன்னமும் பழைய தீர்ப்பை நம்பி ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தடையை நீக்கக் கோரித் தனி மனு போட வேண்டும், விரைந்து பட்டியலிடக் கேட்க வேண்டும். நீங்கள் அந்த மனுவில் தரப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: உண்மையில் எதைச் சீர்திருத்தினால் தாமதம் குறையும்? நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எண்ணிக்கை வேண்டும்தான். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே தன் 120-வது அறிக்கையில் சொன்னது. 2002-ல் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டில் அதை எட்டச் சொன்னது. இன்றைய கணக்கு 21-ஐ ஒட்டி நிற்கிறது, அதுவும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வைத்து. காலியிடங்களைக் கழித்தால் இன்னும் கீழே. கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன.

ஆனாலும் நாளைக்கே நீதிபதிகளை இரட்டிப்பாக்கினாலும், சம்மன் கொண்டுபோக ஆள் இல்லையென்றால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காவல் நிலையத்துக்கு 'கோர்ட் டியூட்டி' என்று ஒரு காவலர் இருப்பார். பல நீதிமன்றங்களின் சம்மன், வாரண்டு எல்லாம் அவர் பையில். ஊரில் திருவிழா என்றாலோ முக்கியப் புள்ளி வருகிறார் என்றாலோ அவரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துவிடுவார்கள். அந்த வாரம் சம்மன் எதுவும் உரியவர் கைக்குப் போய்ச் சேராது. அந்த வாரத்து வாய்தா எல்லாம் வீண். சட்டம்–ஒழுங்கையும் புலன் விசாரணையையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் அருமை இந்தப் பையைப் பார்த்தால் புரியும். என்னைக் கேட்டால், முதல் காசு செலவழிக்க வேண்டிய இடம் இது: சம்மன் வேலைக்கென்றே இருக்கும், வேறெதற்கும் இழுக்கக்கூடாத ஆட்கள். புதிய சட்டம் மின்னணு வழியில் சம்மன் அனுப்ப வழி திறந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆரிலும் வாக்குமூலத்திலும் சாட்சியின் கைப்பேசி எண்ணைச் சரியாக எழுதினால்தான் அது பயன்படும். ஐந்தாண்டு கழித்து அந்த எண் மாறியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது தடயவியல். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே தீர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 176. நல்ல சட்டம். ஆனால் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் வரிசையில் நின்றால், அறிக்கை வராமல் குற்றப்பத்திரிகை முழுமையடையாது. வேலையைச் சட்டம் கூட்டிவிட்டது. ஆய்வகத்தையும் ஆட்களையும் அதே வேகத்தில் கூட்ட வேண்டியது மாநில அரசு.

பாராட்ட வேண்டியதும் உண்டு. முன்பெல்லாம் இடம் மாறிப்போன ஆய்வாளர், பணிமாறிய அரசு மருத்துவர் இவர்களைத் தேடியே இரண்டாண்டு போகும். பிரிவு 336-ன்படி இப்போது அந்தப் பதவியில் இருப்பவரே ஆவணத்தைப் பற்றிச் சாட்சியம் சொல்லலாம், காணொளியிலும் சொல்லலாம். அறிவிக்கப்பட்ட குற்றவாளியாகித் தப்பி ஓடியவர் இல்லாமலே விசாரணை நடத்தவும் பிரிவு 356 வழிசெய்கிறது. ஆனால் குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் கழிய வேண்டும், 30 நாள் இடைவெளியில் இரண்டு வாரண்டு, நாளிதழ் அறிவிப்பு என்று படிகள் உண்டு. ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் மொத்த விசாரணையும் பின்னால் சரியும். அரசு வழக்கறிஞர்களைக் கண்காணிக்க வழக்குத் தொடர்வு இயக்ககம் பற்றிப் பிரிவு 20 பேசுகிறது. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்குகள் உதவி இயக்குநர் கண்காணிப்பில் வரும். அரசுத் தரப்பில்தான் தாமதம் என்றால் மனு கொடுக்க வேண்டிய முகவரி அது. அதிகம் பேருக்குத் தெரியாது.

கேள்வி: ஒரு சின்ன அடிதடி வழக்கு என் மேல் ஏழு ஆண்டாக நடக்கிறது. "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றைக்கே முடிந்துவிடும்" என்கிறார்கள். கட்டிவிடலாமா? அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
— வாசகர், மதுரை

பதில்: கட்டாதீர்கள். தாமதம் தரும் மிகப் பெரிய தண்டனையே இதுதான். அலைச்சல் தாங்காமல் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடும். ஐந்நூறு ரூபாய் அபராதமாக இருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்பு. பணி நியமனத்துக்கு முந்தைய காவல் துறை சரிபார்ப்பில் அது எழுந்து நிற்கும்.

வாய்ச்சண்டை, சிறு காயம் போன்றவை சமரசத்துக்கு உட்பட்ட குற்றமா என்று பழைய சட்டத்தின் பிரிவு 320-ல் உள்ள அட்டவணையைப் பாருங்கள் (புதியதில் 359). 323-ம் 506-ன் முதல் பகுதியும் அதில் உண்டு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்து, இருவரும் கையெழுத்திட்ட சமரச மனு ஏற்கப்பட்டால் அதன் பலன் விடுதலை, தண்டனை அல்ல. அட்டவணையில் இல்லாத பிரிவு ஒன்று கூட இருந்தால், சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். 294(பி) அப்படிப்பட்ட ஒன்று. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வராவிட்டால், குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் தாக்கலானது என்று பாருங்கள். விருதுநகர் வாசகருக்கு எச்சரிக்கையாகச் சொன்ன அதே காலவரம்பு உங்களுக்குக் கேடயமாகலாம். எந்த வழியில் முடிந்தாலும், தேர்வு விண்ணப்பத்தில் "வழக்கு உண்டா" என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். வழக்கு இருந்ததைவிட அதை மறைத்ததற்காக வேலை இழந்தவர்கள் அதிகம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றை அசல் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.